வாசல் கொடி

இன்றைக்கும் வாசல் கொடி பியோனுக்குத்தான் போனது. குவாக்குக்கு வயிறு எரிந்தது.

குன்சானில் கப்பல் பட்டறை மூடியதிலிருந்து ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது இந்த இருபது மாடிக் கட்டட வேலைதான். சூப்புக் கடையும் முடிதிருத்தும் கடையும்கூட இதை நம்பித்தான் திறந்திருந்தன. அங்கே வயசாளிகள் எல்லாரும் கண் வைத்திருந்த வேலை ஒன்று உண்டு. வாசலில் நின்று சிவப்புக் கொடி காட்டி லாரிகளை உள்ளே விடுவது. சுமை கிடையாது, கூலி மட்டும் அதே கூலி.

குவாக்குக்கு அறுபத்து மூன்று. முதுகில் வலிப் பிளாஸ்திரியை ஒட்டி மறைத்துக்கொண்டு செங்கல் சுமந்தார். முதுகு போச்சென்று தெரிந்தால் வேலையும் போச்சு. வேறு வேலைக்குக் கூப்பிட அந்த ஊரில் ஆளில்லை.

"லாரிக்குச் சலாம் போடச் சம்பளம். குடுத்து வெச்சவன்யா," என்று பியோன் காதில் விழும்படியே சொல்வார். ஒரே வயது, ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். பியோன் சிரித்துவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பையும் குவாக்கால் பொறுக்க முடியவில்லை.

அறுபது தாண்டிய சுமையாட்களுக்குத் தினமும் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். எகிறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பயந்து பாதிப் பேர், அழுத்தம் இறங்குமென்று வெங்காயச் சாறு குடித்துவிட்டு வருவார்கள். வாசலாளுக்கு மட்டும் சோதனை இல்லை.

குவாக் நேராகப் பாதுகாப்பு அதிகாரி சோல்-ஹியிடம் போனார்.

"எங்களுக்கெல்லாம் கையில பட்டை கட்டி அழுத்தம் பார்க்கிறியேம்மா, பியோனுக்கு ஏன் கட்டல? நிக்கிறப்பவே தள்ளாடுறான். லாரி அடியில விழுந்தா யார் பொறுப்பு?"

தள்ளாடியதெல்லாம் அப்பட்டமான பொய்.

மறுநாள் காலை பியோனுக்கு நூற்று எழுபத்தெட்டு காட்டியது. அழுத்தம் உள்ளவருக்கு இனி வாசல் கிடையாது என்றாகிவிட்டது. கொடியைக் கொடுத்துவிட்டு அவர் தலைகுனிந்து வீட்டுக்குப் போனார். கொடி தன் கைக்கு வந்ததும் குவாக் முதல் லாரியை அமர்க்களமாக உள்ளே விட்டார்.

மதியம் சோல்-ஹி காப்பியோடு வந்தாள்.

"நேத்து நீங்க சொன்னதுமே அவருக்குப் பார்த்தேன் ஐயா. நூத்தி இருபதுதான். 'எனக்கு எகிறினா வாசலுக்கு அடுத்தது யாரும்மா?'ன்னு கேட்டார். வயசுப்படி நீங்கதான்னு சொன்னேன். இன்னைக்குக் காலைல எட்டு மாடி ஓடி ஏறி இறங்கி, மூச்சு வாங்க வந்து கையை நீட்டுறார். நானும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்."

குவாக்கின் கையில் கொடி தொங்கியது.

"கோள் சொன்னது நான்தான்னு அவனுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியும் ஐயா. 'அவன் கோள் சொல்ற ஆளே இல்லம்மா. சொல்லியிருக்கான்னா, வலி தாங்க முடியலைன்னு அர்த்தம்'னார்."