எடைக்கல்லுக்கு வந்த சோதனை

இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் என் வாயில் மிச்சம் இருக்கும் பற்கள் இந்த நிமிஷமே கொட்டிப் போகட்டும். மிச்சம் நாலுதான், ஆனாலும் சத்தியம் சத்தியம்தான்.

டென்னிஸ் கிளப்பின் செயலாளர் அம்மாளுக்கு அன்று ஒரே ஒரு வேலை. எடைக்கல்லை வீட்டுக்கு அனுப்புவது.

எடைக்கல் என்பது ஓர் ஆள். தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கிளப்பில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதலில் அவரோடு ஒரு செட் ஆட வேண்டும். அவரை ஜெயித்தால் முதல் தரம். முன் கோர்ட்டில் ஆடலாம், வெளிப் போட்டிகளுக்குப் போகலாம். தோற்றால் இரண்டாம் தரம். பின் கோர்ட், வேலியோரம், பந்து முட்புதருக்குள் போனால் லேசில் கிடைக்காது.

பத்தொன்பது வருஷமாக இதுதான் அளவு. இத்தனை வருஷத்தில் மனுஷன் இம்மியும் முன்னேறவில்லை, இம்மியும் பின்தங்கவில்லை. அதனால்தான் அந்தப் பெயர்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கிளப்போடு வருஷா வருஷம் போட்டி நடக்கும். முதல் தரத்துக்காரர்கள் வருஷா வருஷம் மண்ணைக் கவ்விக்கொண்டு திரும்புவார்கள். இந்தத் தடவை ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. வேறு வழியில்லாமல் இரண்டாம் தரத்திலிருந்து ஓர் இன்ஜினீயரை இறக்கினார்கள். அவர் ஒருவர்தான் எதிராளியை ஊதித் தள்ளிவிட்டு வந்தார்.

கமிட்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கல் தேய்ந்துபோயிற்று, மாற்றிவிடலாம் என்றது. செயலாளர் அம்மாள் கறார் பேர்வழி. ஆதாரம் இல்லாமல் ஆளை அனுப்ப மாட்டார். பழைய ஸ்கோர் நோட்டை எடுத்துப் புரட்டினார். புரட்டப் புரட்ட வியர்த்தது. எடைக்கல்லைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"சார், இருநூத்திப் பன்னெண்டு செட் ஆடியிருக்கீங்க. ஜெயிச்சதெல்லாம் ஆறுக்கு நாலு. தோத்ததெல்லாம் ஆறுக்கு நாலு. எப்படி சார்?"

எடைக்கல் தொப்பியைக் கழற்றி மண்டையைச் சொறிந்தார்.

"ஆறுக்கு மூணுன்னா ஜெயிச்சவங்களுக்குத் தலைக்கனம் வந்துடும் மேடம். ஏழுக்கு அஞ்சுன்னா எனக்கு முழங்கால் வலிக்கும்."

அப்படியானால் தரத்தை முடிவு செய்தது ஆட்டம் இல்லை, நீங்கள்தானே என்று அம்மாள் பிடித்துக்கொண்டார். மனுஷன் மழுப்பவில்லை. செட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம் சும்மா பந்து தட்டிக்கொள்வார்கள் அல்லவா, யாருக்கு என்ன தேவை என்று அதிலேயே தெரிந்துவிடுமாம். பல் டாக்டர் வந்த வாரம், அவருடைய கிளினிக்குக்கு ஒரு பல்கூட வரவில்லையாம். மனுஷன் பந்தை அடிக்கவே கூச்சப்பட்டாராம். தூக்கிவிட்டாயிற்று. லாரி டிரைவர் ஆடிய அன்று அவர் மகள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அவரும் முதல் தரம்.

"அப்ப இன்ஜினீயர்?"

"பிரமாதமா ஆடுவார். ஆனா வந்ததும் வராததுமா, கோர்ட் கூட்டுற அம்மாவை 'ஏய்'னு கூப்பிட்டார். பின்னாடி அனுப்பிட்டேன்."

"அதுக்குப் பேர் டென்னிஸா சார்?"

"இல்லதான். ஆனா புதருக்குள்ள போற பந்தையெல்லாம் அந்தம்மாதான் தேடி எடுத்துத் தர்றாங்க. இப்ப 'அக்கா'ங்கறார்."

அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பத்தொன்பது வருஷம் ஊரையே ஏமாற்றியிருக்கிறீர்கள், இன்னும் பத்து நிமிஷத்தில் கமிட்டி கூடுகிறது, நோட்டை அங்கே படித்துக் காட்டப் போகிறேன், நாளையிலிருந்து நீங்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றார்.

எடைக்கல் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் வரல மேடம். கல் தேஞ்சு போச்சு, ஆட்டம் மறந்து போச்சுன்னே சொல்லிக்குங்க. நோட்டை மட்டும் படிக்காதீங்க. பாவம், அவங்க தாங்க மாட்டாங்க."

உண்மை உண்மைதான் என்று அம்மாள் நோட்டை மூடப் போனார். மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி நாலு பக்கத்தைப் புரட்டிவிட்டது. பதினொரு வருஷத்துக்கு முந்தைய பக்கம். அம்மாளுடைய பெயர். ஆறுக்கு நாலு. முதல் தரம்.

அந்த வாரம்தான் ஆபீஸில் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு, அவரே வேலை சொல்லிக்கொடுத்த ஒருவனுக்குப் போயிருந்தது. அன்று ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது, மட்டையை உறைக்குள் போடாமல், நாலு பேர் பார்க்கட்டும் என்று கையில் பிடித்துக்கொண்டே கடைத்தெரு முழுக்க நடந்து போனார். மறுநாளே மேலதிகாரியின் அறைக் கதவைத் தட்டினார்.

"இதுவுமா அண்ணே?"

எடைக்கல் குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

கமிட்டியில் அம்மாள் வாசித்தது ஒரே வரி. எடைக்கல்லைச் சோதித்துப் பார்த்தேன், தேய்மானம் எதுவும் இல்லை.

கமிட்டியில் ஏழு பேர். ஏழு பேரும் முதல் தரம். நோட்டு எங்கே, காட்டுங்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எடைக்கல்லே தொடரட்டும் என்று பல் டாக்டர்தான் முதலில் கை தூக்கினார். மற்ற ஆறு கைகளும் அவர் கை கீழே இறங்குவதற்குள் மேலே போயின.

அடுத்த வருஷமும் அக்கரையில் மண்ணைக் கவ்விக்கொண்டுதான் திரும்பினார்கள்.

இதை யார் சொன்னது என்று மட்டும் வெளியே மூச்சு விட்டுவிடாதீர்கள். அந்தக் கிளப்பில் நானும் முதல் தரம். ஆறுக்கு நாலு.