தொப்பி போடாத மைக்

படம் எடுக்கிற சாமான்களை வாடகைக்கு விடும் கடை ஒன்றில், சட்டையில் மாட்டுகிற குட்டி மைக் ஒன்று இருந்தது. கடைவாசலைத் தாண்டி உலகத்தைப் பார்க்க அதற்கு அவ்வளவு ஆசை. ஆனால் தன்னுடைய பஞ்சுத் தொப்பியைக் கண்டால் மட்டும் ஆகவே ஆகாது.

"தள்ளிப் போடி! உன்னை வச்சா என் தலை இலந்தைப்பழம் மாதிரி ஆயிடும்" என்று விரட்டும்.

ஒருநாள் பெனிட்டா என்கிற பெண் வந்தாள். கடற்கரையில் மீன் ஏலம் விடும் பெண்களைப் பற்றி முதன்முதலாக ஆவணப்படம் எடுக்கப் போகிறாளாம். டவுன்பஸ்ஸில் போகணும், தோள்பையில் அடங்கணும் என்றாள்.

"அப்ப நான் இல்லை" என்று அலமாரியிலிருந்த பெரிய கேமரா மைக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. "படத்துக்கு அவளோட போன் இருக்கு. குரலுக்கு நீதான். கெடுத்துக்காதே!"

பெனிட்டா மைக்கை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று பேசிப் பார்த்தாள். காற்றடித்த வேகத்தில் வெறும் இரைச்சல்தான் பதிவானது. முகம் வாடிப்போய் மேசைமேல் திருப்பி வைத்தாள்.

மைக் தொப்பியின் பக்கம் திரும்பியது. "அடியே, மனசுல வச்சுக்காத. வந்து உட்காரு தாயி."

"இலந்தைப்பழம்னு சொன்ன வாயா இது?" என்று சிரித்த தொப்பி, உருண்டுபோய்ப் பெனிட்டாவின் விரலடியில் நின்றது. அவள் அதை எடுத்து மைக்கின் தலையில் மாட்டி மறுபடி பேசினாள். ஒவ்வொரு சொல்லும் மணிமணியாய் விழுந்தது.

மறுநாள் கடற்கரையில் காற்று மணலை வாரி இறைத்தது. மைக்கைச் சேலையில் மாட்டிக்கொண்ட மீன்காரம்மா தொண்டையைச் செருமினாள்.

"நல்லா அழுத்தி உட்காருடி" என்றது மைக். "அக்கா பேசப்போறாங்க."