கத்தரி சார்

"நான் படிக்க மாட்டேம்மா. இந்த உறுதிமொழிப் படிவத்துல ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போய் அச்சடிச்சுக்கோங்க."

நூல் தணிக்கை அதிகாரி படிவத்தை நகர்த்தினார். எதிரே இருந்த அம்மாள் அதைத் தொடவில்லை. தன் கணவரின் கவிதைக் கட்டை மேசைமேல் வைத்தார்.

"பழைய மாதிரியே வரி வரியாப் படிச்சுச் சொல்லுங்க சார்."

அதிகாரிக்குத் தலை சுற்றியது. இரண்டே பேர் நடத்தும் பதிப்பகம். கணவர் எழுதுவார், மனைவி பிழை திருத்தி, கடை கடையாக ஏறி இறங்குவார். பதினாறு வருஷமாக அந்தக் கணவர் இதே நாற்காலியில் உட்கார்ந்து போட்ட சத்தம் கொஞ்சமா?

'பெரிய பதிப்பகத்துக்கு வக்கீல் வந்தா ஒரே வாரத்துல அனுமதி. எங்க புத்தகம் மட்டும் உங்க அலமாரியில ஆறு மாசம் தூங்கணுமா? வயது வந்தோருக்கு மட்டும்னு முத்திரை குத்தி உறையில போட்டு ஒட்டிட்டா, எவன் சார் பிரிச்சுப் பார்ப்பான்?'

'கத்தரி சார்' என்று இவருக்குப் பெயர் வைத்த புண்ணியவானும் அவர்தான்.

"சட்டம் மாறிடுச்சும்மா. இனிமே பொறுப்பு உங்களோடது. வம்பு வந்தா நீங்க உள்ள போவீங்க, நான் வீட்டுக்குப் போவேன்."

"தெரியும் சார்."

"பின்ன என்ன பயமா?"

"பயந்தா உங்ககிட்ட வருவேனா?"

அதிகாரி சிரித்துவிட்டார். "சரி, அவர் எங்க? சண்டை போட ஆளில்லாம ஆபீசே வெறிச்சோடிக் கெடக்கு."

"அவரால வர முடியல. தயவு தாட்சண்யம் பார்க்காம சிவப்புக் கோடு போடச் சொன்னார்."

"அவரா சொன்னார்? என் கோடு இனிமே செல்லாதும்மா."

"செல்லாட்டிப் பரவாயில்ல. போடுங்க."

"கொண்டாங்க. நானும் ஈதான் ஓட்டிட்டு இருக்கேன்."

அடுத்த திங்கட்கிழமை அந்த அம்மாள் உள்ளே நுழைந்ததுமே அதிகாரி ஆரம்பித்துவிட்டார்.

"மனுஷன் கொஞ்சங்கூடத் திருந்தலம்மா! முந்நூத்துப் பத்துக் கவிதையில நாப்பத்தொண்ணு அடிச்சிருக்கேன். மந்திரியோட செருப்பைப் பத்தி நாலே வரி எழுதியிருக்கார் பாருங்க, படிச்சுட்டு எனக்குச் சோறு இறங்கல. அந்த நாப்பத்தொண்ணையும் தூக்கிடுங்க. மத்ததெல்லாம் பரம சாது. ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. தாராளமா அச்சடிங்க."

அந்த அம்மாள் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சிவப்புக் கோடு விழுந்த தாள்களைத் தனியே உருவி, எண்ணிச் சரிபார்த்து, பைக்குள் வைத்துக்கொண்டார். மிச்சக் கட்டு மேசையிலேயே கிடந்தது.

"அம்மா, மாத்தி எடுத்துட்டீங்க!"

"மாத்தல சார்." உறுதிமொழிப் படிவத்தை இழுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த அம்மாள் எழுந்தார்.

"‘இத்தனையில எது உசுரோட இருக்குன்னு எனக்கே தெரியல, கத்தரி சாருக்குத்தான் தெரியும். அவர் அடிக்கிறதை மட்டும் புத்தகமாப் போடு’ன்னு சொல்லிட்டுத்தான், போன மாசம் அவர் கண்ணை மூடினார்."