காமாலை வந்த வருஷம்

மகளுக்கு ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை கிடைக்கும் நேரம். அவள் நம்பகமானவள்தானா என்று விசாரிக்க அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"படிப்புல நடுவுல ஒரு வருஷம் விட்டுப் போயிருக்கே?"

"மஞ்சள் காமாலை," என்றார் அப்பா, முதுகை நிமிர்த்தி. பரீட்சையில் காப்பியடித்து மாட்டியதற்காகக் கல்லூரி அவளை வெளியே நிறுத்திய வருஷம் அது. குடும்ப மானத்துக்காக அன்று ஊருக்குச் சொன்ன காமாலையையே இன்றும் சொன்னார்.

"பக்கத்து வீட்லயும் ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

மதில் தகராறில் பேச்சுவார்த்தை அற்றுப்போன வீடு அது. போதாததற்கு, அந்த வீட்டுக்காரர் அதே கல்லூரியில் வாத்தியார், எல்லாம் தெரிந்தவர்.

அதிகாரி திரும்பி வந்தார். "அவரும் காமாலைன்னுதான் சொல்றார். கண்ணெல்லாம் மஞ்சளா இருந்துச்சாம்."

அப்பா மதில் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஆனா சார், காப்பியடிச்சதை உங்க பொண்ணே முதல் நாளே எங்ககிட்ட சொல்லிட்டாங்க. அப்பா மறைப்பார், தப்பா எடுத்துக்காதீங்கன்னும் சொன்னாங்க."

"அப்ப வேலை போச்சா?"

"மறைச்சிருந்தா போயிருக்கும். மறைக்கிறவங்களைத்தான் எவன் வேணும்னாலும் மிரட்டி ரகசியத்தைக் கறக்கலாம். இவங்களை எதைச் சொல்லி மிரட்டறது? நல்லபடியாத்தான் எழுதப்போறேன்."

அவர் போனதும் அப்பா மதிலருகே சென்று தொண்டையைச் செருமினார். "வேலை கிடைச்சிடும் போலிருக்கு. அவளே உண்மையைச் சொல்லிட்டாளாம்."

அந்தப் பக்கத்திலிருந்து வாத்தியாரின் குரல் வந்தது.

"நல்லவேளை, நம்ம ரெண்டு பேரும் அந்த வேலைக்கு மனு போடலை."