திட்டாத கோல்பி

அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தின் முதல் ஆட்டம், சொந்த மைதானம். வெளியே கல்லூரி வாத்தியக்குழுவின் முரசு அதிர அதிர, களத்துக்குப் போகும் சுரங்கவழியின் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்கிறது. போன பருவத்தின் கடைசிப் பந்தைக் கம்பங்களுக்கு வெளியே உதைத்துக் கோப்பையைக் கோட்டைவிட்ட வெண்டல், தலைக்கவசத்தின் வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக நிற்கிறான். வெளிச்சம் விழும் வாசலில் தொங்கும் பழைய மணியை ஆளுக்கொரு அறை அறைந்துவிட்டுத்தான் களத்துக்குள் ஓடவேண்டும். அவன் உதைப்பதற்காகப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்கும் கோல்பி, மூன்று வருடமாக இந்த மணியடியில் ராசிக்காக அவனைத் திட்டாமல் விட்டதில்லை. இன்று தோளைத் தடவுகிறான். "நிதானமா உதை." வெண்டல் அந்தக் கையைத் தட்டிவிடுகிறான். "எப்பவும்போலத் திட்டித் தொலைடா!" கோல்பி மணியையே பார்க்கிறான். "அன்னிக்குக் கடைசிப் பந்தைக் கோணலாச் சாய்ச்சுப் பிடிச்சது நான்தான்டா." முரசு நிற்கிறது. பின்னாலிருந்து அணியினரின் தோள்கள் நெருக்குகின்றன. கோடை முழுக்க ஊரே காறித் துப்பியதைத் தனியாக வாங்கிக்கொண்ட வெண்டலின் கை உயர்கிறது. கோல்பி கண்ணை மூடிக்கொள்கிறான். மணி அலறுகிறது.