வீட்டுப்பாடத்துக்கு நாற்பது மார்க்

"இந்த வீட்டுப்பாடத்தை எல்லாம் யார் எழுதறது? நீங்களா, உங்க சம்சாரமா?"

கணக்கு மிஸ் கேட்ட கேள்வியில் லிஃப்ட் மெக்கானிக் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பக்கத்தில் அவர் மகள், எட்டாம் வகுப்புக்காரி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளி விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை.

"எனக்குக் கணக்குன்னாலே ஆகாது மிஸ். அவ அம்மா எனக்கும் மேல" என்றார் மெக்கானிக்.

அந்தப் பள்ளியில் நூற்றுக்கு நாற்பது மார்க் வீட்டுப்பாடத்துக்கு. இந்தப் பெண் அதில் நாற்பதுக்கு நாற்பது வாங்குவாள். மிச்சமுள்ள அறுபதுக்குப் பரீட்சை வைத்தால் மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு. இரண்டையும் கூட்டிப் பாஸாகிவிடுவாள். தாராளமாக முட்டை போடுவதால் 'முட்டை மிஸ்' என்றே பிள்ளைகளிடம் பெயர் வாங்கியவருக்கு இது வயிற்றெரிச்சலாக இருக்காதா?

"நாளைக்கு மீட்டிங்ல ஹெட்மாஸ்டர்கிட்ட நேராவே சொல்லப்போறேன். வீட்டுப்பாட மார்க்கைப் பரீட்சையோட சேர்க்கவே கூடாது. வீட்ல யாரோ எழுதறாங்க, இங்க புள்ளைங்க பாஸாகுது. அதை எடுத்துட்டா உங்க பொண்ணு இந்த வருஷம் ஃபெயில்தான், பாத்துக்கோங்க."

சொன்ன பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க மிஸ்ஸுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. ஆனால் மெக்கானிக் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"நீங்க வீட்டுக்கு எப்படிப் போறீங்க மிஸ்? வண்டியா, பஸ்ஸா?"

"வண்டிதான். அதுக்கென்ன இப்போ?"

"உடம்பெல்லாம் நல்லாத்தானே இருக்கு? மயக்கம், நெஞ்சு வலி, அந்த மாதிரி எதுவும்...?"

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? மனுஷர் நன்றாகவே ஐஸ் வைக்கிறார் என்று மிஸ் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

"பேச்சை மாத்தாதீங்க. நீ சொல்லும்மா, யார் எழுதறது?"

"நான்தான் மிஸ். பாத்து எழுதறேன்."

"யாரோடதைப் பாத்து?"

"என் நோட்டைத்தான் மிஸ். நீங்க திருத்தித் திருப்பிக் கொடுப்பீங்கல்ல, அந்த நோட்டு எனக்கு முன்னாடியே தெரியும். கண்ணை மூடினா பக்கம் பக்கமாத் தெரியும். அதுல என்ன இருக்கோ அதை அப்படியே எழுதிடுவேன்."

"ஓஹோ! எனக்கே காது குத்தறியா? அப்போ பரீட்சையில மட்டும் ஏன் கோட்டை விடறே?"

"பரீட்சைப் பேப்பரைத்தான் யாருக்கும் திருப்பித் தரமாட்டீங்களே மிஸ். ஆபீஸ்லயே வெச்சுக்குவீங்க. என் கைக்கு வராதது எனக்குத் தெரியாது."

அந்தப் பெண் அதைப் பொய் சொல்கிறவளைப் போலச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். மிஸ்ஸுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

"சரி, இன்னிக்குக் கொடுத்த கணக்கு? அதையும் எழுதிட்டியா?"

"ஞாயித்துக்கிழமையே எழுதிட்டேன் மிஸ். நோட்டு உங்க பீரோவுலதான் இருக்கு."

போன வாரக் கணக்கைத் திருத்துவதற்காகத் திங்கட்கிழமை காலையில் வாங்கிய நோட்டுகள் அவை; நோட்டு திரும்பி வரும்வரை பிள்ளைகள் தனித்தாளில் எழுதிவைப்பார்கள். வாங்கியதும் பீரோவில் வைத்துப் பூட்டியவர், இன்று புதன்கிழமை ஆகியும் அதைத் திறக்கவில்லை. சாவி அவர் கைப்பையில்தான் இருந்தது. வீட்டுப்பாடத்தை அவர் புத்தகத்திலிருந்து எடுப்பவரும் இல்லை. மணி அடிக்கப்போகிற நேரத்தில் மனதில் தோன்றும் எண்களைப் பலகையில் எழுதிப்போடுவார். இன்றுகூட அவசரத்தில் எழுபத்து நாலுக்குப் பதில் நாற்பத்தேழு என்று போட்டுவிட்டு, தொலையட்டும் என்று திருத்தாமல் விட்டிருந்தார்.

பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தார். திங்கள், செவ்வாய், புதன். புதன்கிழமைப் பக்கத்தில் நாலாவது கணக்கு. நாற்பத்தேழு என்றுதான் இருந்தது.

மிஸ் பயந்துபோனதை மறைக்கக் குரலை உயர்த்தினார்.

"நாளைக்கு நான் கொடுக்கப்போறதும் இதுல இருக்குமா, என்ன?"

பக்கத்தைப் புரட்டப் போனவரை முந்திக்கொண்டு மெக்கானிக் நோட்டின் மேல் கையை வைத்து அழுத்தினார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ்.

"வேணாம் மிஸ், பாக்காதீங்க. மார்க்கை எடுத்துடுங்க, அவ ஃபெயிலாகட்டும், பரவாயில்ல. நான் அதுக்காக வரல. நீங்க கூப்பிடலைன்னாலும் இன்னிக்கு வந்திருப்பேன். ஞாயித்துக்கிழமை இவ எழுதறப்பவே பாத்துட்டு, ஃபோன்ல படம் எடுத்து வெச்சுக்கிட்டேன். திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் நீங்க கொடுத்த கணக்கோட ஒத்துப் பாத்தேன். ஒரு புள்ளி மாறல. மூணு நாளா எனக்குத் தூக்கமே இல்ல. இன்னிக்கு மட்டும் வண்டியை எடுக்காதீங்க மிஸ். நான் கூடவே வந்து வீட்ல விட்டுட்டு, வாசல்லயே உக்காந்திருக்கேன்."

மகள் விசும்பத் தொடங்கினாள். மிஸ் அவர் கையை விலக்கிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

அங்கே கணக்கு எதுவும் இல்லை. அவர் வகுப்பில் ஒரு தேதியையும் காலியாக விடக் கூடாது. பள்ளி இல்லாத நாள் என்றால், ஏன் இல்லை என்று ஒரு வரி எழுதியாக வேண்டும்.

வியாழக்கிழமை என்று போட்டு, அதன் கீழே அந்தப் பெண் தன் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தாள்: "விடுமுறை. காரணம்: கணக்கு மிஸ் நேற்று இறந்துவிட்டார்."