கட்டக்கோரை

கன்னத்தில் அறை விழுந்தது. சத்தம் வரவில்லை.

பாசி எடுக்கும் கை. விரல் ஒவ்வொன்றிலும் துணி சுற்றியிருந்தது.

சீனியம்மாளின் உதடு கிழிந்தது.

அடித்தவள் மீண்டும் கை ஓங்கினாள்.

ஒரே பாறை. இருவரும் ஜோடியாக இறங்கும் பாறை. அவள் பக்கம் கட்டக்கோரைப் பாசி பழுப்பாக அடர்ந்து அலையில் புரண்டது. சீனியம்மாளின் பக்கம் வெறும் கல். மழித்த தலை போல.

சீனியம்மாள் அடியோடு பிடுங்கியிருந்தாள்.

கல்லைக் கவ்வியிருக்கும் அடித்தண்டை விட்டுவிட்டு மேலேதான் அறுக்க வேண்டும். விட்டால் அடுத்த வருஷம் தழைக்கும்.

“நாம விட்டா பக்கத்து ஊர்க்காரி அள்ளிட்டுப் போவா.” சீனியம்மாள் இரத்தத்தைத் துப்பினாள். பிறகு சிரித்தாள். “அடுத்த வருசம், அடுத்த வருசம்னு... யாருக்குடி சேத்து வைக்கிறே, மலடி?”

ஓர் அலை வந்து போனது.

அவள் பாய்ந்தாள்.

முழங்கை. நகம். பல். சீனியம்மாள் அவளுடைய தலைத்துணியைப் பிய்த்துக் கடலில் எறிந்தாள். கூந்தலைக் கையில் சுற்றி இழுத்தாள். முகம் கல்லில் உரசியது. சிப்பி நெற்றியைக் கீறியது.

“விடுடி!”

விடவில்லை.

அவள் அந்த மணிக்கட்டைக் கடித்தாள். பிடி தளர்ந்தது. இரண்டு கைகளாலும் தள்ளினாள்.

சீனியம்மாள் வெறும் கல்லில் சறுக்கினாள்.

பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

நகங்கள் கல்லைப் பிறாண்டின. பிறகு தண்ணீர்.

அலை சீனியம்மாளைத் தூக்கிப் பாறையில் அடித்தது. உள்ளே இழுத்தது. மீண்டும் அடித்தது. வலது கை தோளிலிருந்து கழன்று தொங்கியது. இடது கை மட்டும் மேலே வந்தது. வெறும் கல்லைத் தடவியது. வழுக்கிப் போனது.

அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

படகு தொலைவில் இருந்தது. படகில் இருந்தவன் முதுகைக் காட்டி வலையை உதறிக்கொண்டிருந்தான். யாரும் பார்க்கவில்லை.

மலடி.

சீனியம்மாளின் தலை முங்கியது.

ஒருத்தி முங்கினால் மற்றவள் மேலே நிற்பாள். கண்ணை எடுக்க மாட்டாள். தன் மூச்சையும் அடக்கிக்கொள்வாள். தனக்கு முட்டும்போது கீழே இருப்பவளுக்கும் முட்டும். அப்போது கை கொடுக்க வேண்டும். இத்தனை வருஷமும் இருவரும் அப்படித்தான் முங்கி எழுந்தார்கள்.

நெஞ்சு எரிந்தது.

அப்போதுதான் தெரிந்தது. அவள் மூச்சை அடக்கியிருந்தாள்.

எப்போதிலிருந்து?

தன் பக்கத்தில் குப்புற விழுந்தாள். கட்டக்கோரையின் அடித்தண்டுகளை இரண்டு கைகளாலும் கொத்தாகப் பற்றினாள். அலை அவள் மேல் ஏறி இறங்கியது. ஒரு கையை எடுத்தாலும் அவளையும் கொண்டுபோய்விடும்.

கொடுக்கக் கை இல்லை.

தலையை விளிம்புக்கு வெளியே நீட்டிக் கவிழ்த்தாள். அவிழ்ந்த கூந்தல் தண்ணீரில் இறங்கியது. பாசியோடு பாசியாக விரிந்தது.

கீழே இடது கை மறுபடி மேலே வந்தது.

“இழுடி,” என்றாள்.

கண்களை மூடினாள். வலிக்காகக் காத்திருந்தாள்.